மேம்பாடு யாருக்கு?

முகத்தைக் கழுவியதும் எரிவதும், மூக்கின் இருமருங்கிலும் தோல் உரிவதும் எனக்கு நெடுங்காலமாக இருந்துவந்த உபாதை. வயது ஏறத் தோல் வரள்வது இயல்பு. இரவுப் பணியில் குளிரூட்டியின் கீழ் கழிந்த ஆண்டுகளும் அதற்குத் துணைபோயின. சவர்க்காரத்தை நிறுத்திவிட்டு, மருந்தகங்களில் கிடைக்கும், நுரை வராத, முகம் கழுவும் திரவமொன்றைப் பாவிக்குமாறு தோல் வைத்தியர் கூறினார். ஏழு வருடங்கள் நிம்மதியாக இருந்தேன்.

கடந்த மாதம் வாங்கிய போத்தலில் 'புதியது, மேம்படுத்தப்பட்டது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. நான்காம் நாளே பழைய எரிவு திரும்பியது. வீசாமல் வைத்திருந்த பழைய போத்தலை எடுத்து, இரண்டின் பின்புறங்களையும் ஒப்புநோக்கினேன். அச்சுப்படி திருத்திப் பழகிய கண்களுக்கு அது சிரமமான வேலையல்ல.

உள்ளடக்கப் பட்டியலில் அளவிற் கூடிய பொருளே முதலில் எழுதப்படும். பழையதில் நீருக்கு அடுத்ததாக, தோலில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் கிளிசரின் இருந்தது. புதியதில் அது ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டு, நுரை தரும் சோடியம் லோரில் சல்பேற் அவ்விடத்தில் அமர்ந்திருக்கிறது. அழுக்கோடு தோலின் இயற்கையான கொழுப்பையும் கழுவிச் செல்லக்கூடியது அது. இறுதியில், முன்னர் இல்லாத வாசனைத் திரவியமும் இருக்கிறது. நுரையும் வாசனையும் விற்பனைக்கு உதவலாம். வரண்ட தோலுக்கு உதவா. அப்படியாயின் மேம்பாடு யாருக்கு?

தயாரிப்பை மாற்றவே கூடாதென்பது என் வாதமல்ல. 1985 ஏப்ரலில் கொக்கா கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியபோது அதைப் பகிரங்கமாக அறிவித்தது. மக்கள் எதிர்த்தனர், ஜூலையிலேயே பழைய சுவை திரும்பி வந்தது. சுவை மாறினால் நாக்கு உடனே சொல்லிவிடும். தோலோ புண்பட்ட பின்னரே சொல்கிறது. ஆகவே இங்கு அறிவிக்கும் கடமை இன்னும் பெரியது.

பத்திரிகையில் ஒரு பெயர் பிழைத்தாலும் மறுநாள் திருத்தம் போடுகிறோம். எது குறைக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று போத்தலின் முன்புறத்தில் இரண்டு வரி அச்சிடுவது பெருஞ்செலவல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த எமது நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு, பண்டங்களின் விபரச்சீட்டு தொடர்பில் பணிப்புரை விடுக்கும் அதிகாரம் உண்டு. அதனை இதற்கும் பயன்படுத்தலாம்.

அதுவரை, வாசகர்களே, பழைய போத்தலை வீசுமுன் புதியதன் பின்புறத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள்.