அம்மா அப்பாவுக்கு ஊர் நடுவுல ரூம் போடுங்க

பிளேஸ்மென்ட் ஆன அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல எல்லாரும் ஒரு லிஸ்ட் போடுவோம். பைக், புது போன், பசங்களுக்கு ட்ரீட். அதுக்கு நடுவுல கண்டிப்பா ஒரு வரி இருக்கும்: "அம்மா அப்பாவை ஒரு தடவை ஃபாரின் அனுப்பணும்." நம்மில் நிறையப் பேருக்கு அந்த ஃபாரின் சிங்கப்பூர்தான். சென்னையிலிருந்து சுமார் நாலு மணி நேரப் பயணம், தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, இட்லி தோசைக்குப் பஞ்சமில்லை. நல்ல தேர்வு. சிக்கல் அடுத்த கட்டத்தில்தான் வருது. ஹோட்டல் தேடும்போது விலை குறைவானதிலிருந்து வரிசைப்படுத்தி, மேலே வர்றதைத் தட்டிவிடுறோம். கேட்டா, "ரூம்ல தூங்கத்தானே போறாங்க?"

நீங்களும் நானும் போனா அது சரி. பையைத் தூக்கிட்டு நாள் முழுக்கச் சுத்தலாம், எங்கே வேணா உட்காரலாம். அம்பத்தஞ்சு, அறுபது வயசுல முதல் தடவை பாஸ்போர்ட் எடுத்த ஒரு தம்பதிக்கு ரூம் என்பது தூங்குற இடம் மட்டும் இல்லை. மத்தியானம் கால் நீட்டுற இடம், மாத்திரை போடுற இடம், மழை வந்தா ஓடி வர்ற இடம். சிங்கப்பூர் கிட்டத்தட்ட நிலநடுக்கோட்டு மேலயே இருக்கு. வருஷம் முழுக்கப் புழுக்கம், பல நாள் மத்தியானத்துல மழை. அவங்க நாள் தானாகவே ரெண்டாப் பிரியும்: காலையில் ஒரு சுத்து, மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் இன்னொரு சுத்து.

இப்போ கணக்குப் போடுங்க. நாம இன்ஜினியர்ஸ் ஆச்சே. ஒரு நாளைக்கு நாலு தடவை ரூமுக்கும் ஊருக்கும் நடுவுல பயணம். ஹோட்டல் புறநகர்ல இருந்து, ஒரு பயணத்துக்கு 45 நிமிஷம்னா மொத்தம் 3 மணி நேரம். ஊர் நடுவுல, 15 நிமிஷம்னா 1 மணி நேரம். வித்தியாசம் 2 மணி நேரம். நாலு நாளைக்கு 8 மணி நேரம். அதாவது ஒரு முழுப் பகலை ரயிலுக்குள்ளயே கழிச்சிருக்காங்க. நிஜத்துல அதுகூட நடக்காது. "அவ்வளவு தூரம் போய்ட்டு யாருப்பா திரும்பி வர்றது?"ன்னு மத்தியான ஓய்வை விட்டுடுவாங்க. இல்லைன்னா சாயங்காலம் வெளியே வரவே மாட்டாங்க. மெரினா பே சாண்ட்ஸ் முன்னாடி ராத்திரி 8 மணிக்கும் 9 மணிக்கும் நடக்கிற தண்ணீர், வெளிச்சக் காட்சி இலவசம். அதைப் பார்க்காமலே ஊர் திரும்புவாங்க.

"அங்கே ரயில் சூப்பரா இருக்கே, எங்கே தங்கினா என்ன?"ன்னு கேட்பீங்க. ரயில் சூப்பர்தான். ஆனா தூரத்தைவிட, எத்தனை தடவை மாறணும் என்பதுதான் அவங்களைப் பயமுறுத்தும். உதாரணத்துக்கு லிட்டில் இந்தியா ஸ்டேஷனை எடுத்துக்கோங்க. ரெண்டு எம்.ஆர்.டி பாதைகள் சந்திக்கிற இடம். அங்கே ஏறினா, மாறாமலே 4வது ஸ்டேஷன் பேஃபிரன்ட்; மெரினா பே சாண்ட்ஸ், கார்டன்ஸ் பை த பே ரெண்டும் அங்கேதான். இன்னொரு பாதையில், மாறாமலே 3வது ஸ்டேஷன் சைனாடவுன், 5வது ஹார்பர்ஃபிரன்ட். அங்கிருந்து சென்டோசா போயிடலாம். இறங்கி நடந்தா சிராங்கூன் ரோடு, வீரமாகாளியம்மன் கோயில், டெக்கா மார்க்கெட், 1947லிருந்து நடக்கிற கோமள விலாஸ். இந்த வட்டாரத்துல தங்கினா உங்க அப்பா மூணு ஸ்டேஷன் பேரை மனப்பாடம் பண்ணாப் போதும். அதுக்கப்புறம் அவருக்கு உங்க உதவியும் வேணாம், கைடு உதவியும் வேணாம்.

என் பெரியப்பாவும் பெரியம்மாவும் போனப்போ இது எதுவும் நடக்கலை. பேக்கேஜ்ல விலை குறையணும்னு ஒரு ஏஜென்ட் அவங்களை ஜோகூர் பாருவுல தங்க வெச்சுட்டார். அது மலேசியா. தினமும் பஸ், பாலம், ரெண்டு நாட்டு இமிகிரேஷன். சாயங்காலம் அதே திரும்பவும். பெரியம்மாவுக்கு முட்டி வலி வேற. வந்ததும், "சிங்கப்பூர்ல என்ன பார்த்தீங்க பெரியம்மா?"ன்னு கேட்டேன். "க்யூ" அப்படின்னாங்க.

"சொந்தக்காரங்க வீடு இருக்கே, ஹோட்டலே எதுக்கு?" என்பது இன்னொரு வாதம். ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுட்டு வரட்டும், சந்தோஷம். நாலு நாளும் அங்கேயே தங்கினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். ரெண்டாம் நாள் காலையில உங்க அம்மா அந்த வீட்டு அடுப்படியில் வெங்காயம் உரிச்சிட்டு இருப்பாங்க.

மிச்சம் இருக்கிறது காசு. ஊர் நடுவுல விலை அதிகம்தான், மறுக்கலை. ஆனா நாள்களைக் குறைக்கலாமே. சும்மா ஒரு கணக்குக்கு: தூரத்துல ராத்திரிக்கு 140 வெள்ளின்னா 5 ராத்திரிக்கு 700. நடுவுல 220 வெள்ளின்னா 3 ராத்திரிக்கு 660. புக் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, விலைக்குப் பக்கத்துல ரெண்டு பிளஸ் குறி இருந்தா, 10 சதவீத சர்வீஸ் சார்ஜும் அதுக்கு மேல 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி, 200 வெள்ளி ரூம் 239.80 ஆயிடும். ரெண்டு, விலை குறைவான ரூம்கள்ல ஜன்னலே இல்லாததும் உண்டு. "ஜன்னல்" என்ற வார்த்தை இருக்கான்னு தேடிப் படிங்க. மூணு, ராத்திரி ஃப்ளைட்ல போனா விடியக்காலையில் இறங்குவாங்க, செக்-இன் பெரும்பாலும் பிற்பகல் 2 மணிக்கோ 3 மணிக்கோதான். சீக்கிரம் ரூம் கிடைக்குமான்னு முன்கூட்டியே கேளுங்க. கிடைக்கலைன்னாலும், பெட்டியை ஹோட்டல்ல வெச்சுட்டு பக்கத்துத் தெருவுல காபி குடிக்கலாம். ஊர் நடுவுல இருக்கிறதோட லாபம் முதல் நாளே தெரிஞ்சிடும்.

இவ்வளவும் சொல்றதுக்கு உண்மையான காரணம் வேற. கப்பிள்னு சொன்னா நமக்கு ஹனிமூன்தான் ஞாபகம் வருது. 30 வருஷம் சேர்ந்து வாழ்ந்தவங்களும் கப்பிள்தான். நம்ம வீடுகள்ல அவங்களுக்குன்னு ஒரு அறை இருந்துச்சா? இருந்தாலும் அதுல நாம இருந்தோம், பாட்டி இருந்தாங்க, அரிசி மூட்டை இருந்துச்சு. கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் அவங்க இஷ்டத்துக்குப் பேசுற நாலு நாள் அவங்க வாழ்க்கையில எப்போ கிடைச்சுது? நாம வாங்கித் தர்றது நாலு சுவர் இல்லை. "கொஞ்சம் நடந்துட்டு வரலாமா?"ன்னு ஒருத்தர் கேட்க, யார்கிட்டயும் சொல்லிக்காம இன்னொருத்தர் செருப்பு மாட்டிக்கிட்டுக் கிளம்புற சுதந்திரம். வாசலை விட்டு இறங்கினா நெடுஞ்சாலைதான் வரும்னா அந்தக் கேள்வியே வராது. இறங்கினதும் தெரு, கடை, ஆள் நடமாட்டம் இருந்தாத்தான் வரும்.

அதனால, கூடவே போய்க் காவல் காக்காதீங்க. மணிக்கு மணி அட்டவணை போட்டுக் கொடுக்காதீங்க. போன்ல ரோமிங் போட்டுக் கொடுங்க, ஹோட்டல் முகவரியை ஒரு தாள்ல எழுதிக் கொடுங்க, அது போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவை கூப்பிட்டாலே அதிகம். எடுக்கலைன்னா பதறாதீங்க. ரெண்டு பேரும் எங்கேயோ நடந்துட்டு இருப்பாங்க.