கூடத்து ரிசீவரை எடைக்குப் போடாதீர்கள்



பழைய பொருள் என்பதற்காகவே ஒன்றைப் போற்றும் வழக்கம் எனக்கில்லை. விறகடுப்பை விட்டு எரிவாயு அடுப்புக்கு வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கூடத்தில் 1970களிலிருந்து அமர்ந்திருக்கும் கனத்த ஸ்டீரியோ ரிசீவர் குறித்துச் சில சொற்கள் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு சாரார் அதனைச் ‘சூராட் காபார் லாமா’ லாரியில் பழைய நாளிதழோடு சேர்த்து எடைக்குப் போடுகின்றனர். மற்றொரு சாரார் அதே பெட்டியைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, முகப்பு விளக்கை மட்டும் எரியவிட்டு அழகு பார்க்கின்றனர். இரண்டுமே அக்கருவிக்கு இழைக்கும் அநீதி என்பது என் கருத்து.

வானொலி அலையை ஏற்கும் பகுதி, ஒலியைத் திருத்தும் பகுதி, ஒலிபெருக்கிகளை இயக்க ஆற்றல் தரும் பகுதி ஆகிய மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கியதே ரிசீவர். பயனியர், சன்சுய், மராண்ட்ஸ், யமஹா, கென்வுட் என்ற பெயர்களைக் கேட்டதும் நம் தந்தையர் தலைமுறையின் முகம் மலரும்!

இன்று இவற்றை வாங்குவோர் முதலில் கேட்பது, “எத்தனை வாட்?” என்பதே. தவறான இடத்தில் தொடங்கும் கேள்வி அது. மராண்ட்ஸ் 2230 ஒரு பக்கத்துக்கு 30 வாட் தரும். 1978இல் வந்த பயனியர் எஸ்.எக்ஸ்.1980 ஒரு பக்கத்துக்கு 270 வாட் தரும். ஒன்பது மடங்கு! அப்படியானால் ஒலியும் ஒன்பது மடங்கு கேட்குமா? கேட்காது. ஆற்றலை இரட்டித்தால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். சற்றே கூடியதாகத் தோன்றும், அவ்வளவுதான். இருமடங்கு உரக்க ஒலிப்பதாகக் காது உணர வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். ஆக, அந்த 270 வாட் பெட்டி நம் 30 வாட் பெட்டியைவிட இருமடங்குகூட உரக்க ஒலிக்காது. நம் தாமான்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்று. ஒரு சில வாட்டுகளைத் தாண்டினாலே அடுத்த வீட்டார் கதவைத் தட்டிவிடுவர்.

ஆனால் அக்காலத்துப் பெட்டியின் 30 வாட் நம்பத்தக்க 30 வாட். விளம்பரங்களில் எண்களை ஊதிப் பெருக்கும் வழக்கத்தைக் கட்டுப்படுத்த, 1974இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் விதி வகுத்தது. இரு பக்கமும் ஒருங்கே இயங்கும்போது தொடர்ந்து தரக்கூடிய ஆற்றலையே குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். பின்னாளில் ‘மினி ஹைஃபை’ பெட்டிகளில் ‘பி.எம்.பி.ஓ.’ என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வாட்டுகளை அச்சிட்டு விற்றார்களே, அந்த எண்களை நான்காம் ஆண்டு மாணவரும் நம்பமாட்டார்.

சரி, வாட் வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்ப்பது? அலைவரிசையைத் தேடும் திருகைச் சுழற்றிப் பாருங்கள். உள்ளே கனத்த சக்கரம் இருப்பதால் விரலை எடுத்த பின்னும் அது வழுக்கிக்கொண்டு ஓடும். 96.3இல் மின்னல் எஃப்.எம். அருகே முள் நிமிர்ந்து நடுவில் நிற்கும்போது ‘ஸ்டீரியோ’ விளக்கு எரியும். நிலையம் ஒலியோடு சேர்த்து அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் குறியலையைக் கருவி கண்டுகொண்டது என்பதே அதன் பொருள். அடுத்து, ‘லவுட்னஸ்’ பொத்தான். ஒலியைக் குறைத்து வைத்தால் நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் முதலில் மங்கிவிடும். அப்பொத்தான் அவற்றைச் சற்றே தூக்கிக் கொடுக்கும். பிள்ளைகள் உறங்கிய பின் மெல்லிய ஒலியில் கேட்டாலும் மிருதங்கத்தின் தொப்பி தொலைவதில்லை. கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் அந்தத் தொப்பி எத்தனை உரக்க வைத்தாலும் வராது. அவ்வளவு காற்றைத் தள்ள அதற்கு இடமில்லை.

இனி ‘டேப் மானிட்டர்’ என்னும் பொத்தான். என் கணிப்பில், நல்ல ரிசீவர்கள் பல லாரி ஏறியதற்கு இதுவே காரணம்! வானொலிப் பாடலைக் கேசட்டில் பதிவு செய்தபடியே சரிபார்ப்பதற்காக வைத்தது இது. இதை அழுத்திவிட்டால் பெட்டி, பதிவுக் கருவியிலிருந்து வரும் ஒலியை மட்டுமே எதிர்பார்க்கும். கேசட் கருவியோ எப்போதோ போய்விட்டது. விளக்கு எரியும், முள் அசையும், ஒலி மட்டும் வராது. எங்கள் வரிசையில் குடியிருக்கும் பெரியவர் ஒருவரின் சன்சுய் இப்படித்தான் ஓராண்டாக ஊமையாகிக் கிடந்தது. பிள்ளைகள் அதை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டனர். “அங்கிள், ஒரு நிமிடம் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “செத்துப்போன பெட்டிக்கு வைத்தியமா டீச்சர்?” என்று சிரித்தார். பொத்தானை விடுவித்ததும் செய்தி வாசிப்பவரின் குரல் வந்தது. இடப்பக்கம் மட்டும் கரகரத்தது. அதுவும் ஒலித்திருகில் படிந்த தூசுதான்; தொடுமுனைத் துப்புரவுத் திரவம் சிறிது தெளித்துத் திருகைப் பலமுறை சுழற்றியதும் போயிற்று.

எல்லாப் பெட்டிக்கும் இவ்வளவு எளிய முடிவு கிட்டாது. மின்தேக்கிகள் நாற்பது, ஐம்பது ஆண்டு வெப்பத்தில் உலர்ந்திருக்கும். ஒலிபெருக்கிக் கூம்பின் விளிம்பிலுள்ள நுரை நம் ஈரக்காற்றில் உதிர்ந்திருக்கும். ஆனால் உறுப்புகள் பெரும்பாலும் தனித்தனியானவை; பழுதானதை மட்டும் கழற்றி மாற்றலாம். ஜாலான் பசாரில் உதிரிபாகம் தேடி அலைந்தவர்களுக்கு இந்த இன்பம் தெரியும். ‘எஸ்.டி.கே.’ வகைக் கூட்டுச்சில்லு பொருத்திய பெட்டிகளே சிக்கலானவை. அந்தச் சில்லு போனால் அசலானது கிடைப்பது அரிது, போலிகளே மிகுதி.

புதியவை மட்டமானவை என்று நான் வாதிடவில்லை. இன்றைய சிறு பெருக்கிகள் குறைந்த மின்சாரத்தில் தெளிவாக ஒலிக்கின்றன, சூடாவதுமில்லை. எஃப்.எம். ஒலியே 15 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்பதால், துல்லியத்தில் நல்ல குறுந்தட்டை அது வெல்லாது. என் கவலை வேறு. தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் ‘கேட்டல், பேச்சு’ என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறோம். வகுப்பில் கதை ஒன்றைக் குரலால் மட்டும் ஒலிக்கவிட்டால், “படம் இல்லையா டீச்சர்?” என்கிறார்கள் பிள்ளைகள். வீட்டில் ஒலி என்பது ஒவ்வொருவர் காதிலும் தனித்தனியே மாட்டிக்கொள்வதாகிவிட்டது. பாட்டி கேட்பது பேரனுக்குத் தெரியாது. கூடத்து ரிசீவரில் செய்தியும் நாடகமும் பாட்டும் எல்லாருக்கும் பொது. ‘வானொலி ஆறு’ என்று மின்னல் எஃப்.எம். வழங்கிய காலத்தில், சமையலறையில் இருந்தபடியே அம்மா அறிவிப்பாளரின் உச்சரிப்பைத் திருத்துவார். தமிழை நான் அப்படியும் கற்றேன்.

ஆகவே, வீட்டில் ஏற்கெனவே இருப்பதைப் பழுது பார்த்துப் பயன்படுத்துங்கள் என்பேன். பின்புறம் ‘ஆக்ஸ்’ என்ற துளைகளில் ஒரு கம்பியைச் செருகினால் கைப்பேசிப் பாடலும் அதில் ஒலிக்கும். வீட்டில் இல்லாதவர்கள் அம்கார்ப் மால் சந்தையிலோ இணையத்திலோ தேடலாம். ஆனால், பெரிய எண்ணுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டாம். 15 முதல் 30 வாட் போதும்.

வாங்கும் முன் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஜப்பானில் விற்பதற்கென்றே செய்த பெட்டிகள் 100 வோல்ட் மின்னழுத்தத்துக்கானவை. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். மின்னழுத்தத்தை மாற்றும் அமைப்பு இல்லாத பெட்டியை இறக்குமின்மாற்றி இன்றி நேரே செருகினால், முதல் பாடல் தொடங்குமுன் புகைதான் வரும்.