பேஸ் பேப்பருக்குப் பணம் எதற்கு?

இறுதியாண்டு புராஜெக்ட் என்றதும் நம் இன்ஜினியரிங் மாணவர்களில் பலர் கல்லூரி நூலகத்திற்குப் போவதில்லை. நேராக புராஜெக்ட் சென்டருக்குப் போகிறார்கள். "ஐஇஇஇ தலைப்பு" என்ற பட்டியலில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் பேஸ் பேப்பர், புரோகிராம், ரிப்போர்ட் எல்லாம் கைக்கு வந்துவிடும். பெற்றோரும் இதைத் தேர்வுக் கட்டணம் போல நினைத்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்த பேஸ் பேப்பர் ஒன்றும் ரகசியம் அல்ல. 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஐஇஇஇ எக்ஸ்புளோர் என்ற டேட்டாபேஸில்தான் அது இருக்கிறது. அதில் தேடுவதற்கும், கட்டுரையின் சுருக்கத்தைப் படிப்பதற்கும் யாரும் பணம் கேட்பதில்லை. முழுக் கட்டுரைக்குத்தான் சந்தா வேண்டும். அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. மத்திய அரசின் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள். ஐஇஇஇ, ஏசிஎம் இரண்டும் இதில் உண்டு. வீட்டிலிருந்தே படிக்க வழி உண்டா என்று உங்கள் நூலகரிடம் கேளுங்கள்.

சரி, எப்படித் தேடுவது? முகத்தைப் பார்த்து வருகைப் பதிவு செய்யும் சாஃப்ட்வேர் உங்கள் புராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். வெறும் ஒரு சொல்லைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும். சேர்ந்து வரவேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். இரண்டு கருத்துகளை 'ஆண்ட்' போட்டு இணையுங்கள். ஆண்டைக் கடைசி ஐந்தாகச் சுருக்குங்கள். முதலில் ஒரு 'சர்வே' கட்டுரையைப் படியுங்கள். அந்தத் துறையில் யார் என்ன செய்தார்கள் என்பது அதிலேயே தெரிந்துவிடும். பிறகு, அதை மேற்கோள் காட்டிய புதிய கட்டுரைகளை 'சைட்டட் பை' மூலம் பிடிக்கலாம்.

ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் போதாதா என்பீர்கள். எழுதப்படாத கட்டுரைக்கும் அது அழகாகத் தலைப்பும் ஆசிரியரும் சொல்லும். அது தரும் பெயர்களை 1993 முதல் இயங்கும் இலவசத் தளமான டிபிஎல்பியில் சரிபாருங்கள்.

இதில் ஒரு பெரிய குறை இருக்கிறது. 'ஒரே சந்தா' தொடங்கியபோது அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கும் அரசு ஆய்வு நிறுவனங்களுக்கும் மட்டுமே கொடுக்கப்பட்டது. தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே படிக்கும் பிள்ளைகள் வேறு நாட்டவர்களா? அவர்களுக்கும் இந்தக் கதவைத் திறப்பதுதான் நியாயம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஏசிஎம் டிஜிட்டல் லைப்ரரியின் கட்டுரைகள் 2026 ஜனவரி முதல் எல்லோருக்கும் இலவசம். 1991ல் தொடங்கிய ஆர்க்கைவ் தளத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கட்டுரைகள் ஏராளம். இந்திய பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா இருக்கிறது.

விலைக்கு வாங்கிய புராஜெக்ட் மதிப்பெண் வாங்கித் தரலாம். ஆனால் வைவாவிலோ வேலைக்கான இன்டர்வியூவிலோ "இந்த முறையை ஏன் எடுத்தாய்?" என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும். பத்துக் கட்டுரைகளைத் தேடிப் படித்தவனுக்கு அந்தக் கேள்வியில் பயமில்லை. பெற்றோர்களே, அடுத்த முறை புராஜெக்டுக்குப் பணம் கேட்டால், "எத்தனை பேப்பர் படித்தாய்?" என்று கேட்டுவிட்டுப் பர்ஸை எடுங்கள்.