தலைவிதியா, விசைப் பொத்தானா?

கடையிலே ஒரு பொம்மை. அதன் வயிற்றிலே சின்னஞ்சிறு பொத்தான். அழுத்தினால் குரங்கு கொட்டடிக்கும், நாய் வாலாட்டும். ஆனால் அழுத்த ஒரு விரல் வேண்டும். அந்த விரலிலே வலு வேண்டும். பெருமூளை வாதத்தால் விரல் வசப்படாத குழந்தைக்கு அந்தப் பொம்மை இருந்தும் இல்லாததே!

இதற்கு நம் நாட்டிலே என்ன காரணம் சொன்னார்கள்? முன்வினை என்றார்கள். பெற்றவர் செய்த பாவம் என்றார்கள். பரிகாரம் செய், உண்டியலிலே காசு போடு என்றார்கள்.

அமெரிக்க மாணவர்கள் வேறு பதில் தந்திருக்கிறார்கள், வாயால் அல்ல, கையால்! புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரிலே, வடக்கு புளோரிடா பல்கலைக்கழகம் 2014இல் இந்தப் பணியைத் தொடங்கிற்று. பொறியியல் மாணவரும் இயன்முறை மருத்துவ மாணவரும் ஒரே மேசையிலே கூடினர்.

வேலை என்ன? பொம்மையின் திருகாணியைக் கழற்று. பொத்தானுக்குப் போகும் இரண்டு ஒயர்களைக் கண்டுபிடி. அவற்றோடு வேறு ஒயரைச் சால்டரிங் செய்து, முனையிலே 3.5 மில்லிமீட்டர் ஜாக்கைப் பொருத்து. உள்ளங்கை அகலப் பட்டனை அதிலே செருகு. தீர்ந்தது! இனிக் குழந்தை முழங்கையால் அழுத்தலாம், கன்னத்தால் அழுத்தலாம், காலாலும் அழுத்தலாம். பேட்டரியில் ஓடும் பொம்மைக் காரானால், கால்மிதிக்குப் பதில் ஸ்டியரிங்கிலே பெரிய பட்டன். முதுகைத் தாங்கப் பி.வி.சி. குழாயிலே சட்டம். பிறர் தூக்கிச் சுமந்த பிள்ளை, தான் நினைத்த இடத்துக்குத் தானே போகிறது!

குழந்தை மாறவில்லை, தோழர்களே! பொத்தான்தான் மாறியது. முன்வினை என்றார்களே, அது இரண்டு ஒயரிலே முடிந்துபோயிற்று!

மாணவர்களை வாழ்த்துவோம். வாழ்த்தோடு நிற்கலாமா? பொம்மை செய்யும்போதே அந்த ஜாக்கைப் பொருத்த எவ்வளவு செலவாகும்? பட்டறையிலே உழைக்கும் தோழனைக் கேளுங்கள். சில்லறைக் காசு என்பான். முதலாளியோ வாங்குவோர் தலையை எண்ணுகிறான். சிலர்தானே என்று விட்டுவிடுகிறான். அதனால்தான், இப்படி மாற்றியமைத்த பொம்மை கடைக்கு வரும்போது பல மடங்கு விலை!

மற்றப் பிள்ளைகளோடு சமமாக விளையாட மாற்றுத்திறன் குழந்தைக்கும் உரிமை உண்டு என்கிறது, ஐ.நா. 2006இல் ஏற்ற உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு. செல்வச் சீமையாம் அமெரிக்கா 2009இல் கையெழுத்திட்டது. 2012இல் செனட் சபையிலே 61 பேர் ஆதரித்தும், மூன்றில் இரண்டு பங்கு கிட்டாமல் அது தோற்றது. மாணவர் கை நீண்டது. சட்டத்தின் கை நீளவில்லை!

இந்தியா 2007இலேயே அதை ஏற்றது. 2016இல் தனிச் சட்டமும் இயற்றியது. தமிழ்நாட்டிலே ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை அகற்றி, ‘மாற்றுத்திறனாளி’ என்று அழைத்து, 2010இல் தனித்துறையும் கண்டது கலைஞர் ஆட்சி. சொல் மாறியது, இனிப் பொருளும் மாறட்டும்!

அரசு அங்கன்வாடிக்கு வாங்கும் மின்பொம்மைகளிலே அந்த ஜாக் இருக்கவேண்டும் என்று டெண்டரிலே ஒரு வரி சேர்க்கட்டும். ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும் இந்த வேலை ஒரு பாடமாகட்டும். சால்டரிங் பிடிக்கத் தெரிந்த தோழர்கள் நம் கிளைகளிலே எத்தனையோ பேர், இன்றே தொடங்கலாம்.

இரக்கம் என்பது உண்டியலிலே விழும் காசு. உரிமை என்பது சட்டத்திலே ஏறும் எழுத்து. அந்தக் குழந்தைக்காக நாம் கேட்கவேண்டியது உரிமையைத்தான்!