கடைசிப் பாடமாம் ஜெனரிக்ஸ்!

அண்ணன் மகள் ஜோர்ஜ்டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறாள். போன வாரம் அவளுடைய ஜாவா பாடக் குறிப்பைப் புரட்டினால், 'ஜெனரிக் கிளாஸ்' அத்தியாயத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு. கேட்டால், "அது அட்வான்ஸ் டாப்பிக் சித்தப்பா. சோதனைக்கு வராது, வேலைக்குப் போனதும் பார்த்துக்கலாம்னு லெக்சரர் சொல்லிட்டாரு" என்கிறாள்.

இது ஒரு லெக்சரரின் சோம்பேறித்தனம் என்றால் விட்டுவிடலாம். போகிற இடமெல்லாம் இதே பாட்டுதான். ஜெனரிக்ஸ் பழுத்த ஆட்களுக்கு உரியதாம்; புதிதாகப் படிக்கிறவனுக்குத் தலைவலியாம். சுத்தப் பிதற்றல். புதிதாகப் படிக்கிறவனுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

அதே குறிப்பில் அவள் எழுதிய ஒரு பயிற்சி இருந்தது. வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு பில் போடும் புரோகிராம். விலைகளை ஓர் ஆரேலிஸ்ட்டில் போட்டிருக்கிறாள். அதற்குள் எந்த வகை மதிப்பு வரும் என்று சொல்லவில்லை. சாப்பாடு 9.50, மோர் 2.50, இரண்டும் எண்களாகப் போயின. அப்பளம் 1.20 வெள்ளி, அதை மட்டும் கைதவறி மேற்கோள்குறிக்குள் எழுதிவிட்டாள். எண்ணாக இருக்க வேண்டியது ஸ்ட்ரிங் ஆகிவிட்டது. கம்பைலர் பொத்தாம்பொதுவாக ஓர் எச்சரிக்கைக் குறிப்பைக் காட்டிவிட்டு வழிவிட்டது. புரோகிராம் ஓடியது. மொத்தம் கூட்டும் இடத்தில் ஒவ்வொரு விலையையும் டபுள் என்று காஸ்ட் பண்ணி எடுக்கும்போது, அப்பளத்தில் வந்து விழுந்தது கிளாஸ்காஸ்ட்எக்செப்ஷன். தப்பு நடந்த வரி ஒன்று, அலறுகிற வரி இன்னொன்று. பிள்ளை ஒரு மாலை முழுக்கக் கூட்டல் லூப்பையே மாற்றி மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறாள்.

ஆரேலிஸ்ட் என்ற பெயரை ஒட்டிக் கோண அடைப்புக்குறிக்குள் டபுள் என்று எழுதியிருந்தால் போதும். அப்பள விலையைச் சேர்த்த அந்த வரியிலேயே, வரி எண்ணோடு கம்பைலர் மறித்திருக்கும். காஸ்ட் பண்ணும் வேலையே இருந்திருக்காது. இதுதான் ஜெனரிக்ஸ். இதையா வேலைக்குப் போனபின் படிக்கச் சொல்கிறீர்கள்?

ஜெனரிக் கிளாஸ் எழுதுவதும் அப்படியொன்றும் மலையைப் புரட்டும் காரியமல்ல. கிளாஸின் பெயருக்குப் பக்கத்தில் கோண அடைப்புக்குறிக்குள் டி என்று ஓர் எழுத்து. உள்ளே இருக்கும் ஃபீல்டு டி வகை; செட் மெத்தட் வாங்குவது டி; கெட் மெத்தட் திருப்பித் தருவது டி. அந்த டி என்ன என்பதை கிளாஸைப் பயன்படுத்துகிறவர் முடிவு செய்கிறார். டபுள் என்று சொன்னால் டபுள் மட்டும், ஸ்டூடண்ட் என்று சொன்னால் ஸ்டூடண்ட் மட்டும். ஒரு தடவை எழுதியது எல்லா வகைக்கும் உதவும். இன்ஹெரிட்டன்ஸ், பாலிமார்ஃபிஸம் என்று எல்லாவற்றையும் முதல் பருவத்திலேயே தலையில் கொட்டுகிறவர்களுக்கு இந்த ஓர் எழுத்துதான் பாரமா? ஜெனரிக்ஸில் வரும் வைல்ட்கார்டு சிக்கலானதுதான். அதை முதல் நாளே யார் கேட்டார்கள்?

"எல்லாவற்றையும் ஆப்ஜெக்ட் என்று போட்டுவிட்டால் தீர்ந்தது" என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அந்த அப்பளத்துக்குப் பதில் சொல்லட்டும். ஆப்ஜெக்ட் எதையும் உள்ளே விடும். வெளியே எடுக்கும்போதுதான் குட்டு உடையும்.

வரலாறாவது இவர்களுக்குத் தெரியுமா? பார்பரா லிஸ்கோவ் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய சி.எல்.யூ. மொழியில் 1970களிலேயே ஜெனரிக்ஸ் வசதி இருந்தது. ஜாவா இதை விட்டுவிட்டுத்தான் பிறந்தது. 1998இல் பிராக்கா, ஓடர்ஸ்கி, ஸ்டவுட்டமைர், வாட்லர் நால்வரும் அதைச் சேர்க்கும் வழியைக் காட்டினார்கள். 2004இல் ஜாவா 5 அதை ஏற்றுக்கொண்டது. சி ஷார்ப்பும் முதலில் விட்டது, 2005இல் சேர்த்தது. 2009இல் வெளியான கோ மொழி பல வருடம் முரண்டு பிடித்து, 2022இல் 1.18 பதிப்பில் வழிக்கு வந்தது. வேண்டாம் என்று இருந்த மூன்று மொழிகளும் திரும்பி வந்து சேர்த்துக்கொண்டன. வகை சொல்லாத ஆரேலிஸ்ட்டை ஜாவா இன்னும் அனுமதிப்பது 2004க்கு முந்தைய புரோகிராம்கள் செத்துப்போகக் கூடாது என்பதற்காக. அந்தச் சலுகையைப் பாடமாக நடத்துகிறார்கள் நம் ஊரில்!

எல்லாவற்றுக்கும் வேர் 'சோதனைக்கு வருமா' என்ற கேள்விதான். பழைய வினாத்தாளை வைத்துக்கொண்டு வராத அத்தியாயத்தையெல்லாம் கழித்துக்கட்டுவதைக் கற்பித்தல் என்று நம்ப வைத்துவிட்டார்கள். டியூஷன் சென்டர்கள் படிவம் ஐந்தில் தொடங்கி வைத்த நோய் டிப்ளோமா வரை வந்துவிட்டது. பெற்றோரும் சான்றிதழ் கைக்கு வந்தால் போதும் என்கிறார்கள். இப்போது "ஏ.ஐ. எழுதிக் கொடுக்கும்" என்ற புதுச் சாக்கு வேறு. அது எழுதிக் கொடுப்பதிலும் ஜெனரிக்ஸ் வரத்தான் செய்கிறது. படிக்கவே தெரியாதவள் எதைச் சரிபார்ப்பாள்? சிப் தயாரிக்கும் இன்டெல் 1972இலேயே நம் பாயான் லெப்பாஸுக்கு வந்துவிட்டது. அரை நூற்றாண்டாகத் தொழிற்சாலை வாசலில் குடியிருக்கிற ஊரில், நம் பிள்ளைகளுக்கு அரைகுறை போதும் என்று தீர்மானிக்க இவர்கள் யார்?

லெக்சரர்களே, ஆரேலிஸ்ட் அறிமுகமாகும் அன்றே வகையோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் சொந்தமாக ஒரு ஜெனரிக் கிளாஸ் எழுத வையுங்கள். மாணவர்களே, அவர்கள் விட்டாலும் நீங்கள் விடாதீர்கள். ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா பயிற்சிப் பக்கங்களில் ஜெனரிக்ஸுக்கு ஒரு முழுப் பாடம் இருக்கிறது. காசு கட்ட வேண்டியதில்லை.