குடும்பம் என்றால் கணக்கு காட்ட வேண்டாமா?

டிசம்பர் 16 சாயங்காலம் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். ஆர்.எஸ்.புரத்தில் நான் வழக்கமாக நிற்கும் பேக்கரி வாசலில் ஏழெட்டுப் பேர் ஒரே போனைச் சுற்றி நின்றிருந்தார்கள். அபுதாபியில் ஐபிஎல் மினி ஏலம். பிரசாந்த் வீர் என்று ஒரு பையன், உத்தரப் பிரதேசம், 20 வயது. அடிப்படை விலை 30 லட்சம். கோடியைத் தாண்டியது, ஐந்தைத் தாண்டியது, பத்தைத் தாண்டியது. சென்னை கையைக் கீழே போடவே இல்லை. 14 கோடியே 20 லட்சத்தில் முடிந்தது. டீ ஆறுவதற்குள் இன்னொரு பையன், கார்த்திக் சர்மா, ராஜஸ்தான், 19 வயது. அதே 30 லட்சம், அதே 14 கோடியே 20 லட்சம். இந்தியாவுக்கு ஆடாத ஒரு வீரருக்கு ஐபிஎல்லில் இதுவரை யாரும் கொடுக்காத விலை.

"ஏனுங்க, இவங்கெல்லாம் யாருங்க?" என்றார் பக்கத்தில் நின்றவர்.

"யாரா இருந்தா என்னுங்ணா, சின்னப் பசங்களை எடுத்துட்டாங்கல்ல? இனி பாருங்க நம்ம டீமை" என்றான் காலேஜ் பையன் ஒருவன்.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கும் ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் மேலே வந்து லேப்டாப்பைத் திறந்ததும் எரிச்சல் வந்தது. இந்தக் கட்டுரை அந்த எரிச்சலில் எழுதியது.

என் வாதம் இதுதான். சென்னை சூப்பர் கிங்ஸ் ஏழெட்டு வருஷமாக அணியைத் திட்டமிடவில்லை. ஒரு பழைய வெற்றியை நகலெடுத்துக்கொண்டிருந்தது. அந்த நகல் 2025-இல் கிழிந்ததும், கையில் இருந்த பணத்தை எடுத்து எதிர்த்திசையில் வீசியிருக்கிறது. முன்பு செய்ததற்கு "விசுவாசம்" என்று பெயர் வைத்தார்கள். இப்போது செய்ததற்கு "மறுகட்டமைப்பு" என்கிறார்கள். இரண்டுக்கும் விசில் அடித்தது நாம்.

*

பழைய வெற்றி எது? 2018. இரண்டு வருடத் தடைக்குப் பிறகு திரும்பி வந்த அணி. பாதிப் பேர் முப்பதைத் தாண்டியவர்கள். ஊரே "அப்பாக்கள் படை" என்று கிண்டல் செய்தது. அந்த அணிதான் கோப்பையை வென்றது. அன்றிலிருந்து நம் ஆட்கள் ஒரு மந்திரம் கற்றுக்கொண்டார்கள்: சென்னைக்கு வயசு ஒரு பொருட்டில்லை, அனுபவம்தான் எல்லாம்.

கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஏலத்தின் விலைப்பட்டியலைப் பாருங்கள். அம்பத்தி ராயுடு 2 கோடியே 20 லட்சம். அந்த சீசனில் 602 ரன். ஷேன் வாட்சன் 4 கோடி. இறுதிப் போட்டியில் 57 பந்தில் 117, நாட் அவுட். இம்ரான் தாஹிர் ஒரு கோடி. 2023-இல் ரஹானேவை அடிப்படை விலையான 50 லட்சத்துக்கு எடுத்தார்கள், யாரும் எதிர்பாராத வேகத்தில் அடித்தார், கோப்பையும் வந்தது. இதில் என்ன நடந்திருக்கிறது? முப்பதைத் தாண்டிய ஆட்களைச் சந்தை மட்டமாக மதிப்பிட்டிருந்தது. சென்னை மலிவாக வாங்கியது. வேலை செய்தது வயது இல்லை, விலை. சந்தை தப்புக் கணக்குப் போட்ட இடத்தில் நாம் சரிக் கணக்குப் போட்டோம். அது புத்திசாலித்தனம், சந்தேகமே இல்லை.

இப்போது 2024 நவம்பர், ஜெட்டா, மெகா ஏலம். ஒவ்வொரு அணிக்கும் மொத்தம் 120 கோடி. சென்னை ஐந்து பேரைத் தக்கவைத்தது: ருதுராஜ் 18, ஜடேஜா 18, பதிரனா 13, துபே 12, தோனி 4. ஆக 65 போனது, கையில் 55. அதில் நூர் அகமதுவுக்கு 10 கோடி. 38 வயது அஸ்வினுக்கு 9 கோடியே 75 லட்சம். ஜடேஜாவையும் சேர்த்தால் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களுக்கு மட்டும் 37 கோடியே 75 லட்சம். சேப்பாக்கம் என்றால் சுழல், சுழல் என்றால் நாம். அஸ்வின் வீடு திரும்புகிறார் என்று பாதி தமிழ்நாடு அழுதது. நானும்தான்.

நூர் 24 விக்கெட் எடுத்தார், அந்தக் காசு வீண் இல்லை. அஸ்வின் 9 ஆட்டத்தில் 7 விக்கெட். சேப்பாக்கத்தில் ஆறு ஆட்டம் ஆடி ஐந்தில் தோற்றோம். 2008-க்குப் பிறகு முதல்முறையாகப் பெங்களூரு அங்கே ஜெயித்தது. கொல்கத்தாவுக்கு எதிராக 20 ஓவர் நின்று 103 ரன் அடித்தோம். பட்டியலில் கடைசி இடம், வரலாற்றில் முதல்முறை. 2018-இல் அனுபவத்தை மலிவாக வாங்கியவர்கள், 2024-இல் நினைவுகளை முழு விலை கொடுத்து வாங்கினார்கள். அஸ்வின் அடுத்த ஆகஸ்ட்டில் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

எங்கள் தொழிலில் இந்த நோய்க்கு நிறைய உதாரணம் உண்டு. ரிலீசுக்கு முந்தின ராத்திரி ஒருத்தன் அவசரத்துக்கு ஒரு ஒட்டு போட்டிருப்பான். அது வேலை செய்துவிடும். ஏன் வேலை செய்தது என்று யாரும் எழுதி வைத்திருக்கமாட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து அந்த ஒட்டின் மேலேயே மொத்தச் சிஸ்டமும் நிற்கும். புதிதாகச் சேர்ந்த பையன் அதைத் தொட்டால், "அதுல கை வைக்காதே தம்பி, அதுதான் நம்ம பலம்" என்பார்கள்.

*

எதிர்வாதம் எனக்குத் தெரியும். "ஐந்து கோப்பை ஜெயிச்ச டீமுக்கு நீ பாடம் எடுக்கிறியா? இது மற்ற டீம் மாதிரி இல்லைப்பா, குடும்பம். ஆளை நம்பும், கைவிடாது."

இந்தக் 'குடும்பம்' என்ற சொல்லோடு எனக்குச் சொந்தத் தகராறு ஒன்று இருக்கிறது. நான் முதலில் வேலை பார்த்த கம்பெனியில் சேர்ந்த அன்றே ஹெச்.ஆர். அம்மையார் சொன்னார், நாமெல்லாம் ஒரு குடும்பம் என்று. ஏழு மாதம் என்னைப் பெஞ்சில் வைத்தார்கள். வெளியாட்களுக்காகச் சொல்கிறேன்: பெஞ்ச் என்றால் சம்பளம் வரும், வேலை வராது. தினமும் போய் உட்கார்ந்து, சாப்பிட்டு, திரும்பி வர வேண்டும். முதல் மாதம் ஜாலி. மூன்றாம் மாதம் ராத்திரியில் தூக்கம் போய்விடும். கேட்டால், "உன்மேல நம்பிக்கை இருக்கு, வெயிட் பண்ணு". ஏழாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராஜினாமா கடிதத்தை அவர்களே டைப் செய்து வைத்திருந்தார்கள். குடும்பம் என்ற சொல்லால் அவர்களுக்கு ஒரே ஒரு லாபம்: நான் கணக்குக் கேட்கவில்லை. குடும்பத்தில் யார் கணக்குக் கேட்பார்கள்?

சென்னையின் குடும்பத்தைப் பாருங்கள். சுரேஷ் ரெய்னா, சின்னத் தல. 2022 ஏலத்தில் அவர் பெயரைப் படித்தபோது சென்னை கை தூக்கவில்லை, யாருமே தூக்கவில்லை. ஜடேஜா 2012-இல் வந்தவர். 2023 இறுதிப் போட்டியில், விடியற்காலையில், கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் தேவை. ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். தோனி அவரைத் தூக்கிக்கொண்ட படத்தை வால்பேப்பராக வைத்திருந்தவர்கள் எத்தனை பேர்! 2025 நவம்பரில் அவரையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினோம். ஜடேஜாவின் சம்பளம் அங்கே 18-இலிருந்து 14 கோடியானது.

ரெய்னாவை விட்டது தப்பு என்றோ, ஜடேஜாவைக் கொடுத்தது தப்பு என்றோ நான் சொல்லவில்லை. இரண்டுமே கிரிக்கெட் காரணங்களால் நியாயப்படுத்தக்கூடிய முடிவுகள். சஞ்சு நல்ல தேர்வு. நான் சொல்வது, விடவேண்டிய நேரம் வந்தால் இவர்களும் மற்றவர்கள் மாதிரியே விடுகிறார்கள். அது தொழில், அதில் குற்றமில்லை. அப்படியானால் வைத்துக்கொள்ளும்போது மட்டும் ஏன் குடும்பம்? தோற்ற முடிவை விளக்கவேண்டிய நேரத்தில் மட்டும் ஏன் பாசம்?

*

பெஞ்ச் என்றதும் எனக்கு நாராயண் ஜெகதீசன் ஞாபகம் வருகிறார். கோயம்புத்தூரில் பிறந்தவர். 2018-இலிருந்து 2022 வரை சென்னை அணியில் இருந்தார். ஐந்து சீசன், ஏழு ஆட்டம். 2022 நவம்பரில் அவரை விடுவித்தார்கள். அதே நாட்களில் அவர் விஜய் ஹசாரே கோப்பையில் வரிசையாக ஐந்து சதம் அடித்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277, அன்றைக்கு உலக சாதனை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: கொல்கத்தாவுக்குப் போய் அவர் பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை. ஆகவே, "மாணிக்கத்தைத் தவறவிட்டோம்" என்று நான் ஒப்பாரி வைக்கவில்லை. 22 வயதிலிருந்து 26 வயது வரை ஒருவனை வைத்துக்கொண்டு ஏழு ஆட்டம் கொடுத்தால், அவன் தேறுவானா மாட்டானா என்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சாய் கிஷோரை 2020, 2021 இரண்டு சீசனும் வைத்திருந்தார்கள், ஒரு ஆட்டம்கூட இல்லை. குஜராத் 3 கோடிக்கு எடுத்து முதல் வருஷமே ஆடவைத்தது.

இந்த இடத்தில்தான் "தமிழ்ப் பையன்களை எடு" என்ற கோஷம் வரும். அந்தக் கோஷத்தோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. அணி ரேஷன் கடை இல்லை, ஊர்க்காரன் என்பதற்காகப் படியளக்க. ஆனால் கோஷத்தை ஒதுக்கிவிட்டுத் தொழிலாகவே பார்ப்போம். டிஎன்பிஎல் 2016-இலிருந்து நடக்கிறது. எங்கள் ஊர் எஸ்.என்.ஆர். கல்லூரி மைதானத்தில் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிடலாம். கோவை கிங்ஸுக்கு ஆடிய சாய் சுதர்சனை 2022-இல் குஜராத் 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023 டிஎன்பிஎல் ஏலத்தில் கோவை அவரை 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு எடுத்தது. ஐபிஎல் சம்பளத்தைவிட உள்ளூர்ச் சம்பளம் அதிகம்! அந்த மே மாதமே இறுதிப் போட்டியில், சென்னைக்கு எதிராக, 47 பந்தில் 96. 2025-இல் 759 ரன்னோடு ஆரஞ்சுத் தொப்பி. சென்னைப் பையன், கோவைக்காக ஆடியவன், அகமதாபாத் கண்டுபிடித்தது. பாசம் வேண்டாம், பக்கத்துத் தெருவில் என்ன விற்கிறது, என்ன விலை என்று தெரிந்திருக்கவேண்டாமா? 2018-இல் நம்மிடம் இருந்தது அந்தத் திறமைதானே?

*

சரி, இப்போது சின்னப் பசங்களை எடுத்துவிட்டார்களே, இன்னும் என்ன புலம்பல் என்று கேட்பீர்கள்.

2025-இல் நமக்குக் கிடைத்த நல்லவர்கள் யார்? ஆயுஷ் மாத்ரே, 17 வயதில் பெங்களூருக்கு எதிராக 48 பந்தில் 94. டெவால்ட் பிரெவிஸ். உர்வில் படேல். மூன்று பேரும் வேறு யாருக்கோ அடிபட்டதால் நடு சீசனில் வந்தவர்கள். ருதுராஜின் முழங்கை நன்றாக இருந்திருந்தால் மாத்ரே வந்திருக்கவே மாட்டார். விபத்தில் கிடைத்த பாடத்தை, "இளசு என்றால் ஜெயம்" என்று மறுபடி மந்திரமாக்கிவிட்டோம்.

43 கோடியே 40 லட்சத்தோடு அபுதாபிக்குப் போனவர்கள், 28 கோடியே 40 லட்சத்தை ஐபிஎல்லில் ஒரு பந்துகூட ஆடாத இரண்டு பேர் மேல் வைத்திருக்கிறார்கள். கார்த்திக் சர்மா விக்கெட் கீப்பர். சஞ்சு கீப்பர். உர்வில் கீப்பர். தோனியும் இருக்கிறார். நாலு கீப்பர், ரெண்டு கையுறை. இவர்களில் 19 வயதுக்காரன் எத்தனையாவது ஆளாக இறங்குவான், மூன்று ஆட்டம் சொதப்பினால் நாலாவது ஆட்டம் கிடைக்குமா என்பதுதான் திட்டம். ஏலத்தில் கை தூக்குவது திட்டம் ஆகாது. பதற்றத்திலும் கை தூக்கலாம்.

பெங்களூருவை எத்தனை வருஷம் கேலி செய்தோம்? அதே ஜெட்டாவில் அவர்கள் பெரிய பெயர்களைத் துரத்தாமல் ஹேசல்வுட்டுக்கு 12 கோடியே 50 லட்சமும் புவனேஷ்வருக்கு 10 கோடியே 75 லட்சமும் கொடுத்துப் பந்துவீச்சைக் கட்டினார்கள். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்த்து அடைத்தார்கள். 18-ஆவது வருஷம் கோப்பை வந்தது.

*

கடைசியாக நம்மைப் பற்றி. அணி நிர்வாகத்தைத் திட்டுவது சுலபம்.

சேப்பாக்கத்தில் ஜடேஜா அவுட் ஆனால் கைதட்டிய கூட்டம் யார்? அடுத்து தோனி வருவார் என்பதற்காக நம் ஆளின் விக்கெட் விழ வேண்டிக்கொண்டோம். அவரே அதைச் சிரித்துக்கொண்டே சொல்லிக்காட்டினார், நாமும் சிரித்தோம். 2019 ஜூலையோடு இந்திய ஆட்டம் முடிந்தவரை 4 கோடிக்கு வைத்துக்கொள்ள வசதியாக, ஐந்து வருஷம் இந்தியாவுக்கு ஆடாதவரெல்லாம் 'ஆடாத வீரர்' என்ற பழைய விதி உயிர்பெற்று வந்தது. நாம் கொண்டாடினோம். பெங்களூருக்கு எதிராக ஒன்பதாவது ஆளாக இறங்கினார். ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது, நாம் கத்தினோம். டிக்கெட் விற்கிறது, ஜெர்சி விற்கிறது. பிறகு எந்த நிர்வாகம் அவருக்கு அடுத்து யார் என்று உட்கார்ந்து யோசிக்கும்? ரசிகன் கேட்காத கேள்விக்கு முதலாளி ஏன் பதில் தேட வேண்டும்?

தோனியை எனக்குப் பிடிக்காது என்று யாராவது கிளம்பிவிடாதீர்கள். காலேஜில் ஹாஸ்டல் டிவி முன்னால் அவருக்காக நான் கத்தின கத்தல் உங்களுக்குத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்.

மார்ச்சில் சீசன் தொடங்கும். அந்த இரண்டு பையன்களில் ஒருவன் முதல் ஆட்டத்தில் டக் அடிக்கலாம். அன்றைக்கு ராத்திரியே நம் ஆட்கள் "14 கோடி தண்டம்" என்று மீம் போடுவார்கள். விலையை அவன் கேட்கவில்லை, நாம் வைத்தோம். பேக்கரி வாசலில் அன்று சந்தோஷப்பட்ட அந்தக் காலேஜ் பையனிடம் சொல்லிவைத்திருக்கிறேன்: அவனுக்குப் பத்து ஆட்டம் கொடுக்கச் சொல்லி நீ கத்து தம்பி. அவன் அவுட் ஆனால், அடுத்து யார் இறங்குகிறார் என்று பார்த்துக் கைதட்டாதே.