ஆல் சீசனாம், மண்ணாங்கட்டியாம்!

அக்டோபர் பொறந்தா போதும், டொராண்டோ சுத்துவட்டாரத்துல நம்மாளுங்க கூடற இடத்துல எல்லாம் இந்தப் பேச்சுதான். "தல, வின்டர் டயர் போடணுமா?" கேட்கறவர் பதிலையும் கையோட கொண்டு வந்திருப்பார். "நம்மளது ஆல் வீல் டிரைவ். வண்டியும் நல்ல கனம். கம்பெனியிலேயே ஆல் சீசன் டயர் போட்டுத்தான் குடுத்திருக்கான். சிட்டிக்காரன் உப்பு வேற கொட்டறான். வின்டர் டயர்னா சத்தம் போடுமாம். காசும் ஆயிரம் டாலரைத் தொடும்." ஒரே மூச்சுல ஆறு காரணம். தலையாட்டறதுக்குப் பக்கத்துலயே நாலு பேர் நிப்பாங்க.

எனக்குத் தலையாட்ட முடியலைங்க. அதான் இந்தப் பதிவு. மினிவேன், மூணு வரிசை எஸ்யூவின்னு பெரிய வண்டி வெச்சிருக்கற மக்களுக்காக எழுதறேன். ஆறு காரணத்துல நாலு தப்பு, மிச்சம் ரெண்டு அரைகுறை. வரிசையா வர்றேன்.

மொதல்ல அந்தப் பேரு. "எல்லாக் காலமும்"னா எந்த ஊரோட எல்லாக் காலமும்? ஹூஸ்டன்ல இருக்கறவனுக்கு அது சரிதான். நமக்கு? ஆல் சீசன் டயரோட பக்கவாட்டுல எம்+எஸ்னு எழுதியிருக்கும். மட் அண்ட் ஸ்நோ, அதாவது சேறும் பனியும். இந்த முத்திரை வாங்க அந்த டயரைப் பனியில ஒரு அடி கூட ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. பட்டனுக்கு நடுவுல இவ்வளவு பள்ளம் இருக்கணும்னு ஒரு வடிவக் கணக்கு, அவ்வளவுதான். தயாரிக்கறவனே அச்சடிச்சுக்கலாம். பரீட்சை எழுதாமலே தனக்குத்தானே பாஸ் போட்டுக்கற கதை.

இது போதாதுன்னுதான் 1999ல அமெரிக்க, கனடிய டயர்த் தொழில் சங்கங்கள் இன்னொரு அடையாளம் கொண்டு வந்தாங்க. மூணு சிகரம் உள்ள மலை, நடுவுல ஒரு பனித்துகள். இதுக்கு நிஜமாவே பரீட்சை உண்டு. கெட்டிப்பட்ட ஸ்நோ மேல ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டு டயர் ஒண்ணு 100 வாங்கினா இது குறைஞ்சது 110 வாங்கணும்னு விதி வெச்சாங்க. இந்தப் பரீட்சை இழுவையை மட்டும்தான் அளக்குது, ஐஸ்ல பிரேக் பிடிக்கறதை அளக்கறதில்லை. அந்தக் குறை இருந்தாலும் வெறும் எம்+எஸ்ஸுக்கு இது எவ்வளவோ மேல். ஜெர்மனியில 2024 அக்டோபர் 1ல இருந்து, குளிர்கால ரோட்டுக்கு மலை அடையாளம் இருக்கற டயர்தான் செல்லும், வெறும் எம்+எஸ் செல்லாதுன்னு ஆக்கிட்டாங்க. இங்க பிரிட்டிஷ் கொலம்பியாவுல குளிர்கால டயர் கட்டாயமான நெடுஞ்சாலைகள்ல கூட எம்+எஸ் இருந்தா போதும், பட்டன் 3.5 மில்லிமீட்டர் இருந்தா விட்டுடுவாங்க. சட்டம் விட்டுடும், பனி விடணுமே?

பட்டனை விட முக்கியம் ரப்பர். மார்கழியில தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தா சொட்டு விழாதில்ல? ஆல் சீசன் ரப்பரும் கிட்டத்தட்ட அந்த ஜாதி. சுமார் 7 டிகிரிக்குக் கீழ போகப்போக விறைச்சுக்க ஆரம்பிக்கும். விறைச்ச ரப்பர் ரோட்டோட மேடு பள்ளத்தைக் கவ்வாது. ஈரமே இல்லாத வெறும் ரோட்டுலயும் இதே கதைதான். வின்டர் டயர்ல குளிரிலும் இளக்கமா இருக்கற கலவை போடறாங்க. அதோட ஒவ்வொரு பட்டன் மேலயும் பிளேடால கிழிச்ச மாதிரி மெல்லிசாப் பல கீறல்கள். அந்தக் கீறலோட விளிம்புகள்தான் பனியைக் கடிச்சுப் பிடிக்குது. டொராண்டோவுல நவம்பர் நடுவுல இருந்து மார்ச் கடைசி வரைக்கும் சராசரி வெப்பநிலை 7க்குக் கீழதான். வருஷத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல நம்ம "ஆல் சீசன்" விறைச்சுப் போய்த்தான் ஓடுது.

அடுத்தது ஆல் வீல் டிரைவ். இதுல மயங்காத ஆளே கிடையாது. நாலு சக்கரத்துக்கும் இஞ்சின் சக்தி போகுது, சரி. அதனால சிக்னல்ல பச்சை விழுந்ததும் நீங்க ஜம்முனு கிளம்பறீங்க, பக்கத்து வண்டி வழுக்கிட்டு நிக்குது. பெருமையாத்தான் இருக்கும். ஆனா பிரேக்? ஆல் வீல் டிரைவ் இல்லாத வண்டிக்கும் பிரேக் நாலு சக்கரத்துலயும்தான் இருக்கு. நிறுத்தற விஷயத்துல உங்களுக்கு ஒரு பைசா லாபம் கிடையாது. நஷ்டம்தான் உண்டு. கிளம்பறப்போ வழுக்கினா "ரோடு மோசம்"னு கால் தானா பதமாகும். உங்க வண்டி அந்த எச்சரிக்கையைக் காட்டறதே இல்லை. 60ல ஜாலியாப் போயி, முன்னால ஸ்கூல் பஸ் சிவப்பு விளக்கு போடறப்போதான் உங்களுக்குத் தெரிய வருது. வேகம் ரெண்டு மடங்கானா நிக்கற தூரம் நாலு மடங்கு. இதை எட்டாம் கிளாஸ் பையன்கிட்ட கேட்டாலும் சொல்லிடுவான்.

"வண்டி கனம், தரையைப் பிடிச்சுக்கும்"ங்கறது அடுத்த புருடா. கனம் கூடினா பிடிப்பு கூடும், உண்மை. நிறுத்த வேண்டிய வேகத்தோட பலமும் அதே அளவுக்குக் கூடும். ரெண்டும் கழிச்சா பூஜ்யம். அதுகூடக் கணக்கு நோட்டுலதான். நிஜ ரப்பர்ல சுமை ஏற ஏற, ஒரு கிலோவுக்குக் கிடைக்கற பிடிப்பு கொஞ்சம் குறையவே செய்யும். இப்போ வர்ற சியன்னா மாதிரி ஒரு மினிவேன் காலியா நின்னாலே 2,100 கிலோ பக்கம். அதுல ஏழு பேர், மூணு பெட்டி, ஊருக்குப் போறப்போ கட்டின புளியோதரைன்னு ஏத்தினா 2,600ஐ நெருங்கும். அந்த மொத்தக் கனத்தையும் நிறுத்தறது, உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கற நாலே நாலு ரப்பர்த் துண்டு. உயரமான எஸ்யூவின்னா திடீர்னு திருப்பும்போது சாயற பயம் வேற.

உப்பு விஷயம் அரை உண்மை. நகரத்து மெயின் ரோட்டுல உப்பு உதவுது, மறுக்கலை. ஆனா மைனஸ் 15ஐத் தாண்டினா சாதாரண உப்பு கிட்டத்தட்ட வேலைநிறுத்தம். உங்க வீட்டுத் தெருவுக்கு உப்பு லாரி கடைசியாத்தான் வரும். நம்ம மக்கள் சிட்டிக்குள்ளயேவா இருக்காங்க? நெடுஞ்சாலை 400ல பேரி பக்கம் போனா ஜார்ஜியன் பே ஏரிக்காத்து பத்தே நிமிஷத்துல எதிர்ல இருக்கறதை மறைச்சுடும். கல்யாணம், சீமந்தம்னு 401ல மான்ட்ரியல் வரைக்கும் இதே டயரோடதானே போறோம்? அந்தக் கியூபெக்ல, அங்க பதிவான வண்டிகளுக்கு 2008ல இருந்தே வின்டர் டயர் கட்டாயம். இப்போ டிசம்பர் 1ல இருந்து மார்ச் 15 வரைக்கும். பொழுதுபோகாமலா சட்டம் போட்டாங்க?

இப்போ சத்தம். இதுலதான் பெரிய வண்டிக்காரங்க சொந்தச் செலவுல சூன்யம் வெச்சுக்கறாங்க. ஒரு டயர் கடையில என்கிட்டயே பேசினாங்க: "பெரிய வண்டிக்குக் கெட்டியான டயர்தான் சார் லாயக்கு"ன்னு, லாரி மாதிரி கனமான எல்.டி. ரக டயரை எடுத்து நீட்டினாங்க. அது டன் கணக்குல இழுக்கற பிக்கப்புக்கு உள்ளது. பக்கவாட்டு விறைப்பா இருக்கும், கனம் அதிகம், குடும்ப வண்டியில மாட்டினா குலுக்கும், முனகும். இன்னொரு கூட்டம் பார்க்க முரட்டுத்தனமா இருக்கேன்னு ஆல் டெரெய்ன் வாங்கும். பெரிய பெரிய பட்டன், நடுவுல பெரிய பள்ளம். அதுக்குள்ள காத்து அடைபட்டு வெளியேறறதுதான் நீங்க கேட்கற அந்த "ஊஊஊ". ஆணி வெச்ச டயரும் சத்தம்தான், தெற்கு ஒன்டாரியோவுல அதுக்கு அனுமதியும் கிடையாது. ஆணி இல்லாத சாதாரண வின்டர் டயர்ல ரப்பர் இளக்கம், பட்டன் சின்னது, பட்டன் அளவுகளையும் மாத்தி மாத்தி வெச்சிருப்பாங்க. எல்லா பட்டனும் ஒரே சுருதியில பாடக் கூடாதுன்னுதான். கோடை டயரை விடக் கொஞ்சம் சத்தம் வரும், பேச்சை மறைக்கற அளவுக்கு வராது.

அப்படியும் முனகினா பெரும்பாலும் பராமரிப்புதான் காரணம். 8,000ல இருந்து 10,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை முன் டயரையும் பின் டயரையும் மாத்திப் போடணும். போடாம விட்டா பட்டன் ஒரு பக்கமாத் தேஞ்சு, ரம்பம் மாதிரி ஆகி, முனக ஆரம்பிக்கும். அப்புறம் டயரைத் திட்டி என்ன பிரயோஜனம்?

கடைசியா காசு. கனடாவுல ரெண்டு செட் டயர் வெச்சிருக்கறவன் டயருக்கு ரெண்டு மடங்கு செலவு பண்றதா நினைக்கறோம். ஒரு செட் ஓடறப்போ இன்னொரு செட் கேரேஜ்ல தூங்குது, தேயறதில்லை. உண்மையான கூடுதல் செலவு ரிம்மும் மாத்தற கூலியும்தான். அதையும் குறைக்க வழி இருக்கு:

வண்டிக்குப் பொருந்தற சின்ன ரிம் இருந்தா அதை வாங்குங்க. உதாரணத்துக்கு ஹைலேண்டர்ல மேல் மாடலுக்கு 235/55 ஆர்20 வருது, கீழ் மாடலுக்கு 235/65 ஆர்18. வெளி விட்டம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 18 இஞ்ச் டயர் விலை குறைவு, பக்கவாட்டு உயரம்கறதால குழியில விழுந்தாலும் குலுக்கல் கம்மி. ஸ்டீல் ரிம் போதும், உப்புல நனையப் போற ரிம்முக்கு அழகு எதுக்கு?

சுமைக் குறியீட்டுல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். டிரைவர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல உள்ள எண்ணுக்குக் குறையவே கூடாது. 104னா ஒரு டயருக்கு 900 கிலோ, 108னா 1,000 கிலோ.

பெரிய பேரைத்தான் வாங்கணும்னு இல்லை. ஜெனரலை 1987ல காண்டினென்டல் வாங்கிடுச்சு, ஃபயர்ஸ்டோனை 1988ல பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிடுச்சு. ரெண்டு பேர்லயும் வின்டர் டயர் உண்டு. மலை அடையாளத்தையும், டி.ஓ.டி. எண்ணோட கடைசி நாலு இலக்கத்தையும் பாருங்க. 3525னா 2025ஆம் வருஷம் 35வது வாரம் செஞ்சது. "தள்ளுபடி"ன்னு பழைய சரக்கைத் தலையில கட்டாம இருக்க இது ஒண்ணு போதும்.

நாலும் போடணும். முன்னால ரெண்டு மட்டும் போட்டா வளைவுல பின்பக்கம் உங்களை முந்திக்கிட்டு வரும். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழ தேஞ்சா ஸ்நோவுக்கு ஆகாது, சட்டப்படி 1.5 வரைக்கும் ஓட்டலாம்னாலும்.

இன்சூரன்ஸ்காரங்ககிட்ட வாயைத் திறந்து கேளுங்க. 2016 ஜனவரி 1ல இருந்து ஒன்டாரியோவுல வின்டர் டயர் போட்டா எல்லாக் கம்பெனியும் தள்ளுபடி குடுத்தே ஆகணும். கேட்காதவங்களுக்குத் தானா வந்து விழாது.

அபார்ட்மென்ட்ல இருக்கோம், இன்னொரு செட்டை எங்க வைக்கறதுன்னு கேட்கறவங்களுக்கு ஆல் வெதர்னு ஒரு ரகம் இருக்கு. ஆல் சீசன் வேற, ஆல் வெதர் வேற, குழப்பிக்காதீங்க. நோக்கியன் டபிள்யூஆர், மிஷெலின் கிராஸ்கிளைமேட் 2 மாதிரி. மலை அடையாளம் உண்டு, வருஷம் பூரா கழட்ட வேண்டாம். ஐஸ்ல நல்ல வின்டர் டயருக்கு ஈடாகாது. சிட்டியை விட்டு அதிகம் வெளிய போகாதவங்களுக்கு அது நியாயமான சமரசம். சமரசம்னு தெரிஞ்சு வாங்குங்க, அவ்வளவுதான்.

"பதினஞ்சு வருஷமா ஆல் சீசன்லயே ஓட்டறேன், ஒரு கீறல் இல்லை"ன்னு ஒருத்தர் கட்டாயம் வருவார். வாங்க ஐயா, உட்காருங்க. உங்க முன்னால திடீர்னு யாரும் குறுக்க வரலைங்கறதுக்கு அது சாட்சி. டயருக்கு சாட்சி இல்லை.

நம்ம வீடுகள்ல குழந்தைக்கு கார் சீட் வாங்க தங்கமணியும் ரங்கமணியும் மூணு வாரம் ஆராய்ச்சி பண்றோம். விலையைப் பார்க்காம நல்லதா வாங்கறோம். அந்த சீட் மோதின பிறகு காப்பாத்தற சாமான். மோதாம நிறுத்தற சாமான் சக்கரத்துல இருக்கு. லெதர் சீட்டுக்கும் மேற்கூரைக் கண்ணாடிக்கும் பல ஆயிரம் கூடக் குடுத்து மேல் மாடல் வாங்கற கை, அங்க மட்டும் ஏன் நடுங்குது?

டிஸ்கி: முதல் ஸ்நோ கொட்டின அன்னிக்குக் கடைக்கு ஓடினா அப்பாயின்ட்மென்ட்டும் கிடைக்காது, வேண்டிய அளவும் கிடைக்காது. தீபாவளிப் பட்சணம் சுடறப்பவே டயருக்கும் சொல்லி வெச்சுடுங்க :-)